பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு ஒரு பாலிசி

ஜூன் 10, செவ்வாய்

கோலம் போட்டு நிமிர்வதற்குள் ராஜகனி வாசலில் நிற்கிறாள். கோவில்பட்டி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குணசீலன் அண்ணாச்சியின் மனைவி. அண்ணாச்சியும் என் வீட்டுக்காரர் தவசியும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இத்தனை வருடப் பழக்கத்தில் ராஜகனி என்னிடம் இன்சூரன்ஸ் பற்றி வாய் திறந்ததில்லை. நான் பேச்சை எடுத்தாலே, "நல்ல நாளும் அதுவுமா ஆஸ்பத்திரிப் பேச்சு எதுக்குக்கா?" என்பாள். அவளுக்கு வருடம் முழுக்க நல்ல நாள்தான்.

இன்று அவளே ஆரம்பித்தாள். பக்கத்து ஜவுளிக்கடைக்காரருக்குப் போன வாரம் நெஞ்சில் ஆபரேஷன். எட்டயபுரம் ரோட்டில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றுத்தான் ஆளை வீட்டுக்குக் கூட்டி வந்தார்களாம்.

"எங்க வீட்டு மனுசனுக்கு அம்பத்திரண்டு ஆயிட்டு. ஒரு பாலிசி கெடையாது. ஆடி பொறக்கதுக்குள்ள போட்டு விட்டுருங்கக்கா. ஆடில புதுசா ஒண்ணும் தொடங்கக் கூடாது."

சரி என்றேன். பத்தொன்பது வருடமாக ஹெல்த் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக இருக்கிறேன். அடுத்த வீட்டில் ஒருவர் படுத்தால்தான் நம் ஆட்களுக்கு என் நினைப்பு வரும். வரட்டும், எப்படி வந்தால் என்ன.

சாயங்காலம் மெடிக்கலில் என் வீட்டுக்காரருக்கு முதுகுவலி மாத்திரை வாங்கினேன். மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருந்தால் முதுகு என்ன செய்யும்? மெடிக்கல்காரர் என் தலையைக் கண்டதும் செட் மாத்திரையைக் கவரில் போட்டு எடுத்து வைத்துவிடுகிறார். கேட்கக்கூட வேண்டியதில்லை.

ஜூன் 12, வியாழன்

பாத்திரக்கடைக்குப் போனேன். அண்ணாச்சி கல்யாணச் சீர் அண்டா ஒன்றில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். ஆறடி ஆள், பனைமரத்துக்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பார். மெஷினை அணைத்துவிட்டு எனக்குக் காபி சொன்னார்.

"மதினி, எனக்கு ஒரு காய்ச்சல், ஒரு தலைவலி உண்டா, இவகிட்டயே கேளுங்க. ஆஸ்பத்திரி வாசல நான் மிதிச்சதே இவ பிரசவத்துக்குத்தான். எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"அதுக்குத்தான் அண்ணாச்சி இப்பப் போடணும். படுத்த பொறகு எந்தக் கம்பெனியும் தர மாட்டான்."

"அப்ப நல்லா இருக்கவன்ட்ட வாங்கி சீக்காளிக்குக் குடுக்கான். இது என்ன நியாயம்?"

"சீட்டு போடுதீங்கள்ல, அந்த மாதிரி நெனைச்சிக்கிடுங்க. யாருக்கு அவசரமோ அவங்க மொதல்ல எடுக்காங்க."

"சீட்டுன்னா கடைசில எனக்கும் வரும்லா?"

"இதுல வரலன்னாத்தான் சந்தோசப்படணும்."

ராஜகனி உள்ளேயிருந்து, "நீங்க எழுதுங்கக்கா, அவரு கெடக்காரு" என்று குரல் கொடுத்தாள். நான் வயது, எடை, உயரம் எல்லாம் குறித்துக்கொண்டேன். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று கேட்டால், பார்த்ததே இல்லை என்கிறார். பார்க்காத வரைக்கும் இல்லை என்பது அவர் கட்சி.

கிளம்பும்போது, "தவசிக்கு எம்புட்டுக்குப் போட்டிருக்கீங்க மதினி?" என்று கேட்டார். நான் ஆஸ்பத்திரி ரூம் வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். முக்கியமான விஷயம் அது. ரூம் வாடகைக்கு உச்சவரம்பு வைத்த பாலிசி என்றால் பில்லில் பாதி நம் தலையில் விழும்.

ஜூன் 14, சனி

சிலிண்டர் வந்தது. இவருக்குச் செருப்பு வார் அழுத்துகிறதாம், ஒரு சைஸ் பெரிதாக வாங்கி வந்தேன். இந்த வயதில் காலும் வளருமோ என்றேன். உட்கார்ந்தே கிடந்தால் காலில் நீர் இறங்கத்தான் செய்யும் என்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்

அண்ணாச்சிக்கு மூன்று பாலிசிகளைப் பார்த்து வைத்திருந்தேன். முதலாவதில் பிரீமியம் குறைவு, ஆனால் ஒவ்வொரு பில்லிலும் ஐந்தில் ஒரு பங்கை நாம் கட்ட வேண்டும். இரண்டாவதற்கு டெஸ்ட் எதுவும் வேண்டாம், போனிலேயே நாலு கேள்வி கேட்டு முடித்துவிடுவார்கள். மூன்றாவதற்கு ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்த பிறகுதான் தருவார்கள். பிரீமியம் கொஞ்சம் கூட. இருக்கிற நோய்க்கு மூன்று வருடம் கழித்துத்தான் பணம், மற்றதற்கெல்லாம் முதல் மாதம் கழிந்ததும் தைரியமாகப் படுக்கலாம்.

எங்கள் கிளை மேனேஜர் பிரிட்டோ இரண்டாவதைப் போடச் சொன்னார். "அக்கா, மாசக் கடைசி நெருங்குது. டெஸ்ட்டுன்னு போனா இழுக்கும். எதுவும் இல்லைன்னு டிக் அடிச்சுவிட்டு முடிங்க."

நான் மாட்டேன் என்றேன். டெஸ்ட் எடுத்துப் போட்டால் நாளைக்கு க்ளெய்மில் ஒருவனும் கை வைக்க முடியாது. ஒன்றும் இல்லை என்று டிக் அடித்த பாலிசி, ஆஸ்பத்திரியில் படுத்த அன்றுதான் பல்லைக் காட்டும். இதை நான் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சிக்கு மூன்றாவதுதான்.

வீட்டுக்கு வந்து எங்கள் பாலிசிப் புதுப்பிப்பையும் கட்டினேன். எனக்கும் மதுரையில் படிக்கும் மகளுக்கும் மட்டும்தான். இவர் பெயரைப் போன வருடத்துக்கு முந்தின வருடம் எடுத்தாயிற்று. வீட்டில் மூத்த ஆளின் வயதை வைத்துத்தான் பிரீமியம் என்பதால், அவர் பெயர் போனதும் பாதியாகக் குறைந்தது. மகள் காலேஜ் ஃபீஸ் இருந்தது. "ஒரு தடவையாவது நான் படுத்திருக்கனா? என் பேர எடு" என்று அவரேதான் சொன்னார். மகள் படிப்பு முடிந்ததும் சேர்த்துவிடலாம்.

ஜூன் 24, செவ்வாய்

அண்ணாச்சி டெஸ்டுக்குப் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார். வெள்ளிக்கிழமை கல்யாணச் சீர் லோடு வந்துவிட்டது. சனிக்கிழமை ரத்தம் எடுக்கக் கூடாதாம். நேற்றுக் கரண்ட் இல்லை. கரண்டுக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "மெஷின்ல வைக்கணும்லா மதினி" என்கிறார்.

சாப்பிடும்போது இவரிடம் புலம்பினேன். இந்த மாதம் இந்த ஒரு பாலிசி விழாவிட்டால் பிரிட்டோ முகத்தில் விழிக்க முடியாது என்றேன். இவர் சிரித்தார்.

"அவனுக்கு ஊசின்னா ஈரக்கொலை நடுங்கும் ஜெயா. எட்டாம் வகுப்புல காலரா ஊசி போட வந்தப்ப செவரு ஏறிக் குதிச்சு ஓடினான். ராஜகனிக்குத் தெரியாது. சொல்லிராத."

"இப்ப அம்பத்திரண்டு வயசு ஆகல?"

"ஊசிக்கு வயசு தெரியுமா? நீ விடு, நான் பேசி முடிச்சுத் தாரேன்."

ஊறுகாய் ஜாடியை இரண்டு முறை எடுத்துப் போட்டுக்கொண்டார். சோறு வாய்க்குப் பிடிக்கவில்லையாம், உப்பாக எதையாவது தொட்டால்தான் இறங்குகிறதாம்.

ஜூன் 27, வெள்ளி

ரத்தம் எடுத்தாயிற்று! லேபிலிருந்து ஒரு பெண் காலையில் பாத்திரக்கடைக்கே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் போக முடியவில்லை, ரேஷன் கடையில் வரிசை. இவர்தான் கூடமாட இருந்து முடித்துக் கொடுத்து போன் பண்ணினார். நட்பு என்றால் இப்படி இருக்க வேண்டும். காலையில் எதுவும் சாப்பிடாமல் அண்ணாச்சிக்காக ஓடினார்.

மத்தியானம் வந்தபோது முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. காயில் கம்பி கீறிவிட்டதாம். எத்தனை வருடமாகக் கம்பி சுற்றுகிறார், இன்னும் கவனம் வரவில்லை.

பிரிட்டோவுக்கு மெசேஜ் போட்டேன். பூங்கொத்துப் படம் அனுப்பினார்.

ஜூலை 2, புதன்

அண்ணாச்சி பாலிசி நிராகரிப்பு.

அவருக்கு ஈமெயில் கிடையாது, என்னுடையதைத்தான் கொடுத்திருந்தேன். ரிப்போர்ட்டும் கூடவே வந்தது. கிரியாட்டினின் என்று ஒரு அளவு உண்டு. சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று காட்டுவது அது. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும். அவருக்கு நாலு. சர்க்கரை சுத்தமாக இல்லை. பிரிட்டோவைக் கூப்பிட்டேன். "இனி எந்தக் கம்பெனியும் தொட மாட்டான்கா. எல்லாவனும் இதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பான்" என்றார்.

எப்படிச் சொல்வது என்று ரோட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கடைக்குப் போய் நேராகவே சொன்னேன். ராஜகனி பில் போடும் மேஜையில் தலையை வைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணாச்சி அழவில்லை. முதலில் ரிப்போர்ட்டை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"மதினி, இது நிச்சயமா? மெஷின் தப்பாக் காட்டாதா?"

"இன்னொரு தடவை பாக்கலாம் அண்ணாச்சி. ஆனா நாலுன்னு வந்திருக்கு. ஒடனே கிட்னி டாக்டர்ட்ட போகணும்."

"நாலுன்னா செத்துருவானா?"

'செத்துருவேனா' என்றுதான் கேட்டிருப்பார், எனக்குக் காதில் சரியாக விழவில்லை. பெயர் வெட்டும் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்புறம்தான் அழுதார். அந்த ஆறடி உடம்பு குலுங்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவர் எதுவும் ஆகாது என்று சொல்லும் ஆள்.

"தவசிட்ட நான் சொல்லுதேன். நீங்க சொல்லாதீங்க மதினி" என்றார்.

ஜூலை 3, வியாழன்

அண்ணாச்சி சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். இரண்டு பேரும் வீட்டை ஒட்டிய பட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டார்கள். "பாத்துக்கிடலாம்ல" என்று இவர் குரல். "மயிரப் பாத்துக்கிடலாம்" என்று அண்ணாச்சி குரல். நோய் வந்த மனுஷனுக்குக் கோபம் வருவது சகஜம்தான்.

பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி நாலு தோசை சாப்பிட்டார். இவருடைய தட்டிலிருந்த ஊறுகாயை மட்டும் எடுத்துத் தூரமாக வைத்தார். தனக்கு உப்பு ஆகாது என்றதும் ஊரில் யாருமே உப்புத் தின்னக் கூடாது என்று நினைக்கிறார் போல.

"மதினி, இவன் தெனமும் முதுகு வலிக்குன்னு என்ன மாத்திரை போடுதான்?"

"மெடிக்கல்ல குடுக்க செட்டுதான் அண்ணாச்சி."

"எத்தனை வருசமா?"

யோசித்துப் பார்த்தேன். மகள் பத்தாம் வகுப்பு படிக்கும்போதே வாங்கிக்கொண்டிருந்தேன். சொன்னேன். அண்ணாச்சி கை கழுவ எழுந்துபோனார்.

சனிக்கிழமை திருநெல்வேலிக்குக் கிட்னி டாக்டரிடம் போகிறார்களாம். ராஜகனியைக் கூட்டிப்போகவில்லை, துணைக்கு இவர்தான்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணாச்சி உட்காரவில்லை. என் முன்னால் வந்து நின்று, "அது என் ரத்தம் இல்ல மதினி" என்றார். லேப் பெண் ஊசியை எடுத்ததும் தனக்குக் கண் இருட்டிவிட்டது என்றார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த தவசி, "இந்தாம்மா, நான்தான் குணசீலன்" என்று கையை நீட்டிவிட்டார். அந்தப் பெண் ஆதாரைக் கேட்டாள். கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஆதார் படம் யாருக்குத்தான் ஒத்துப்போகிறது? பள்ளிக்கூடத்தில் ஒருவனுக்கு ஒருவன் 'உள்ளேன் ஐயா' சொல்வதுபோலச் செய்திருக்கிறார்கள்.

நான் முதலில் அண்ணாச்சியைத்தான் திட்டினேன். எருமைமாடு மாதிரி வளர்ந்திருக்கீரே, ஒரு ஊசிக்கு இப்படியா என்று. அப்புறம் இவரைத் திட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைத் தூக்கி எறிந்தேன், சுவரில் பட்டு விழுந்தது. இவர் அதை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "உனக்கு இந்த மாசம் பாலிசி விழணும்னு சொன்னேல்லா" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் எனக்குத் திட்ட வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

திருநெல்வேலி டாக்டர் இவருக்கு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார். அதே நாலு. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருக்கிறதாம். வருடக்கணக்காகப் போட்ட வலி மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்றாராம். மாத்திரையை நிறுத்தி, உப்பைக் குறைத்து, மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம். பிறகு மெஷினில் வைத்து ரத்தம் சுத்தம் பண்ண வேண்டியிருக்கும். எவ்வளவு காலம் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

கால் வீக்கம், வாய்க்கசப்பு, காலையில் குமட்டல். ஊரில் உள்ளவர்களிடம் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குவது என் தொழில்.

ஜூலை 8, செவ்வாய்

மெடிக்கல் வழியாகப் போனேன். கடைக்காரர் கவரை நீட்டினார். வேண்டாம் என்றேன். "வீட்டுக்காரருக்கு முதுகு சரியாயிட்டா?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

ஜூலை 10, வியாழன்

பிரிட்டோவிடம் சொன்னேன், யாரிடமாவது சொல்ல வேண்டும் அல்லவா. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அக்கா, நல்லாக் கேளுங்க. ரிப்போர்ட் குணசீலன் பேர்ல இருக்கு. திருநெல்வேலில பாத்தது எங்கயும் கம்பெனிக்குத் தெரியாது. உங்க வீட்டுக்காரர் பேர்ல இன்னைக்கு ஒரு சீக்கும் இல்ல. அந்த டெஸ்ட் வேண்டாத பாலிசி இருக்குல்ல, அதப் போடுங்க. கொஞ்ச வருசம் ஓட்டிட்டா அப்புறம் எவன் கிளறப் போறான்?"

"அப்ப குணசீலன் அண்ணாச்சி?"

"அவரு நல்லாத்தான இருக்காரு? இப்ப அவருக்கு என்ன அவசரம்?"

வீட்டுக்கு வந்தால் அண்ணாச்சியும் அதையேதான் சொல்கிறார். "நான் பேப்பர்ல கிட்னி போனவனாவே இருந்துட்டுப் போறேன் மதினி. அவனுக்குப் போடுங்க. டெஸ்ட் கேட்டான்னா இந்தத் தடவை நான் கை குடுக்கேன். கண்ண மூடிக்கிட்டுக் குடுத்துருவேன்." நிஜமாகவே சட்டைக் கையை மடித்துவிட்டுக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் ராஜகனி வந்தாள். அவள் உட்காரவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை.

"அண்ணனுக்கு இப்பிடி ஆனது எனக்கும் வேதனைதான்கா. ஆனா எங்க வீட்டு மனுசன் பேர்ல சீக்காளின்னு எழுதி வச்சிருக்காங்கள்ல, அத யாரு அழிப்பா? நாளைக்கு அவரு நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்தா நான் எதக் கொண்டு போவேன்? எங்களுக்கு எட்டயபுரம் ரோட்டுல மனை இல்ல."

அவள் கேட்டது நியாயம். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது.

ஜூலை 12, சனி

செய்துவிடுவது என்று உட்கார்ந்தேன். போனிலேயே எல்லாம் முடிந்தது. தவசிமுத்து, வயது ஐம்பத்திரண்டு. சிறுநீரக நோய் உண்டா? இல்லை. தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறாரா? இல்லை. கடந்த ஒரு வருடத்தில் டாக்டரிடம் போனாரா? இல்லை. வரிசையாக இல்லை, இல்லை என்று அழுத்திக்கொண்டு வந்தேன். விரல் கூசவில்லை. பயத்தில் இருக்கிறவளுக்கு என்ன கூச்சம்?

கடைசியில் அவர் போனுக்கு ஓடிபி வரும். அதைப் போட்டால்தான் அவர் சம்மதித்ததாகக் கணக்கு. பட்டறைக்குப் போனேன். ஒரு பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"எதுக்கு?"

சொன்னேன். அவர் போனை எடுத்துப் பார்த்தார். நம்பரை வாசிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கியா?"

"ஆமா."

"குணா பேரு?"

"அது அப்பிடியே கெடக்கும். அவரே சரின்னுட்டாரு."

"அவன் சரிம்பான். அவன் கூறு நமக்குத் தெரியாதா?" போனை மோட்டார் மேல் வைத்தார். "நான் இதச் சொல்லணும்னா அவன் கடைசி வரைக்கும் சீக்காளியா இருக்கணும் ஜெயா. நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா ராஜகனி நம்ம வாசல்ல வந்து மண்ண வாரி எறிவா. எறியணும்."

"அப்ப உங்களுக்கு ஒண்ணுன்னா? நான் யாரு வாசல்ல போயி எறிய?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வெல்டிங் கடையில் சத்தம் நின்றது.

"வேண்டாம்மா."

என்னை அவர் 'அம்மா' என்று கூப்பிட்டதே இல்லை. ஓடிபி நேரம் முடிந்துவிட்டது, மறுபடி அனுப்பவா என்று என் போனில் கேட்டது. அனுப்பு என்று அழுத்தினேன். மறுபடி அவர் போன் அடித்தது. அவர் பார்க்கவே இல்லை, மோட்டாரில் பழைய கம்பியை உருவ ஆரம்பித்தார். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து உலை வைத்தேன். உப்பு போடாத சோறும் உப்பு போடாத குழம்பும் செய்ய இன்னும் கை பழகவில்லை.

ஜூலை 14, திங்கள்

கம்பெனிக்குக் கடிதம் அனுப்பினேன். ஜூன் 27 அன்று கொடுத்த ரத்தம் குணசீலனுடையது அல்ல, என் கணவர் தவசிமுத்துவுடையது, எனக்குத் தெரிந்துவிட்டதால் சொல்கிறேன் என்று. எழுத இரண்டு வரிதான். பிரிட்டோ தலையில் அடித்துக்கொண்டார். "உங்க ஏஜென்ட் கோட் போயிரும்கா. அண்ணன் பேரையும் நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. இனி அண்ணனுக்கு எவன் தருவான்?"

தெரியும் என்றேன். எனக்கு அவரைவிட நன்றாகவே தெரியும்.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி. ராஜகனி கெடு வைத்தது இன்றோடு முடிகிறது. கம்பெனி அண்ணாச்சிக்கு மறுபடி டெஸ்ட் எடுக்கச் சம்மதித்தது. இந்த முறை லேபுக்கே வர வேண்டும், வீடியோ எடுப்பார்கள்.

அண்ணாச்சியை நாற்காலியில் உட்கார வைத்து ஒரு பக்கம் ராஜகனி, ஒரு பக்கம் இவர். ஊசியைப் பார்த்ததும் அவருக்கு வேர்த்து ஊற்றியது. "ஏலே தவசி, புடிச்சிக்கோலே" என்று இவர் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் இவருக்குத்தான் வலித்திருக்கும். ராஜகனி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள், புருஷனுக்கு ஊசி பயம் என்று அவளுக்கு இன்றுதான் தெரியும்.

முடிந்ததும், "அம்புட்டுத்தானா?" என்று கேட்டார் அண்ணாச்சி. அவர் இவர் முகத்தைப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார்.

ஜூலை 29, செவ்வாய்

அண்ணாச்சிக்குப் பாலிசி வந்துவிட்டது. சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது, அதற்கு மட்டும் மூன்று வருடக் காத்திருப்பு. மற்றதற்கெல்லாம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து கவலையில்லை. நல்ல பாலிசி. நான் தேர்ந்தெடுத்ததுதான், வேறொரு ஏஜென்ட் பெயரில் போட்டார்கள். என் ஏஜென்ட் கோட் நம்பரை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முடிந்தால் திறக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆடியில் வந்துவிட்டதே என்று ராஜகனி அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாளாம். ஆவணி பிறந்ததும்தான் பிரிப்பாளாம்.

காலையில் மூன்று பேர் போன் பண்ணினார்கள், புதுப்பிக்க வேண்டும் என்று. அந்த ஏஜென்ட் நம்பரைக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

திருநெல்வேலி. இவர் கையில் ரத்தக்குழாய் இரண்டை இணைக்கும் சின்ன ஆபரேஷன் ஒன்றை இப்போதே செய்து வைத்துவிடலாம் என்றார் டாக்டர். பின்னால் மெஷினில் வைக்க அது வேண்டும். அண்ணாச்சியும் வந்தார், கார் அவருடையது. வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் நானும் இவரும் அட்மிஷன் கவுன்டருக்குப் போனோம்.

கவுன்டரில் ஒரு சின்னப் பெண். பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டு வேகமாகத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"இன்சூரன்ஸ் இருக்காம்மா?"

"இல்ல."

நிமிர்ந்து பார்த்தாள். இவரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"என்னம்மா நீங்க! இந்தக் காலத்துல ஒரு பாலிசி போடாம இருப்பாங்களா? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பா? சார்தான் வேண்டாம்னாலும் நீங்களாவது எடுத்துச் சொல்லிருக்க வேண்டாமா?"

நல்ல பிள்ளை. மனசில் பட்டதைத்தான் சொன்னாள். இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், நான் எதையாவது சொல்லி வைப்பேன் என்று பயம் போல.

"எனக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தங்க இருக்காங்க. உங்களுக்காச்சும் போட்டுருங்கம்மா. நம்பர் தரட்டுமா?"

"குடும்மா" என்றேன்.

ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பணம் கட்டும் வரிசை எது என்று கேட்டேன்.